எந்த அழுக்குக்கு எந்தத் திரவம்? வேளாண் கருவிகளைச் சிக்கனமாகச் சுத்தம் செய்தல்



2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் மலையகத்தின் பல இடங்களில் மண் சரிந்தது. கந்தப்பளைப் பக்கத்தில் தண்ணீர் வடிந்த பிறகு, இடம்பெயர்ந்த குடும்பங்கள் சில திரும்பிப் போய் மண்ணைத் தோண்டின. நகை நட்டைத் தேடியவர்கள் குறைவு. மண்வெட்டி, முள்ளு, கவ்வாத்துக் கத்தி, மருந்து டேங்க் ஆகியவற்றைத்தான் பலரும் தேடினார்கள். வேறோர் இடத்தில் கொஞ்சக் காணி கிடைத்தாலும் கையில் கருவி இல்லாமல் அங்கே என்ன செய்வது?

அப்படித் தோண்டி எடுத்த ஒருவர் என்னிடம் கேட்டார்: "சாமி, எல்லாம் துரு புடிச்சுப் போச்சு. ஒரு போத்தல் மண்ணெண்ணெ வாங்கி ஊற வச்சிருக்கேன். மூணு நாளாச்சு, துரு போகவேயில்ல. இன்னொரு போத்தல் ஊத்தவா?"

வேண்டாம் என்றேன். இரண்டு போத்தல் அல்ல, இருபது போத்தல் ஊற்றினாலும் அந்தத் துரு போகாது. மண்ணெண்ணெய் எண்ணெய்ப்பசையைக் கரைக்கும், துருவைக் கரைக்காது. அந்தப் பிள்ளை செலவழித்த பணம் சிறியதல்ல. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்கு ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்கு முந்திய மாதங்களில் வெற்றுக் கேனோடு வரிசையில் நின்றதையும் மறக்கவில்லை. மண்ணெண்ணெயைத் தண்ணீர்போலச் செலவழித்த காலம் அன்றோடு முடிந்தது.

இந்தப் பாடத்தில் கற்க வேண்டியது ஒன்றுதான். கருவியில் ஒட்டியிருப்பது என்ன என்று முதலில் பாருங்கள். அதைக் கரைக்கும் திரவத்தைப் பிறகு தேடுங்கள். உப்பும் மண்ணும் தண்ணீரில் போகும். எண்ணெய்ப்பசை மண்ணெண்ணெயில் போகும். துருவுக்குச் சுரண்டலோ புளிப்போ வேண்டும். இதை மாற்றிச் செய்தால் காசும் போகும், கருவியும் போகும்.

துவக்கு சொல்லித்தந்த பாடம்

இதை நன்றாக விளக்கும் கதை ஒன்று துவக்கைப் பற்றியது. நம்மில் துவக்கு வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. காட்டுப்பன்றியை விரட்ட 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் ஓரிருவர் இருக்கலாம். (அனுமதியில்லாத கட்டுத்துவக்கைப் பற்றி நான் பேசவில்லை. அது பன்றியைவிட விறகு பொறுக்கப்போகும் நம் பெண்களின் காலைத்தான் தேடுகிறது. அதை அவிழ்த்து எறிவதே அதற்குச் செய்யும் துப்புரவு.)

பிரித்தானிய இராணுவம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக லீ-என்பீல்ட் என்ற துவக்கைப் பயன்படுத்தியது. சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் குழலை எண்ணெய்த் துணியால் துடைப்பார்கள். அப்படித் துடைத்தும் சில நாட்களில் குழலுக்குள் துரு பூத்தது. ஏன்? அந்தக் காலத் தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைட் என்ற உப்பாகிக் குழலின் உட்புறத்தில் படிந்தது. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்க்கு அடியில் இருந்துகொண்டே காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றது. அதற்குக் கண்ட மருந்து கொதிநீர். புனல் வைத்துக் குழலுக்குள் கொதிநீரை ஊற்றினார்கள். உப்பு கரைந்து ஓடியது. சூடேறிய இரும்பு தானாகவே காய்ந்தது. அதன்பிறகுதான் எண்ணெய் பூசினார்கள். துவக்குக்கென்றே விற்கும் திரவங்களும் உண்டு. ஹொப்பேஸ் நம்பர் 9 என்ற அமெரிக்கத் திரவம் 1903இலிருந்து விற்பனையில் இருக்கிறது. ஆனால் அந்தச் சிப்பாய்க்கு முதலில் வேண்டியிருந்தது ஒரு கேத்தல் சுடுநீர்.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். பொட்டாசியம் குளோரைட் என்ற அதே உப்புத்தான் நாம் மூட்டையில் வாங்கும் பொட்டாசு உரம், எம்.ஓ.பி. என்பது. அந்தச் சிப்பாயின் குழலைத் தின்ற உப்பை நாம் மண்வெட்டியால் கிளறிக் கலக்கிவிட்டு, மண்வெட்டியை அப்படியே லயத்துச் சுவரில் சாத்தி வைக்கிறோம். அடுத்த வாரம் பார்த்தால் உரம் பட்ட இடமெல்லாம் சிவந்திருக்கிறது. சிலர் அதன்மேல் எண்ணெய் தடவிவிட்டுப் பாதுகாத்துவிட்டதாக நினைக்கிறார்கள். உரம் தொட்ட கருவிக்கு முதல் வேலை தண்ணீர். அதற்குக் காசு இல்லை.

மண்: காசில்லாத திரவமே போதும்

மண்ணைப் போக்கத் தேங்காய்த் தும்பும் ஒரு மூங்கில் சீவலும் போதும். மண் ஈரமாக இருக்கும்போதே வேலை முடிந்த வாய்க்காலோரத்தில் சுரண்டிவிட்டால் கால் மணி நேர வேலை ஐந்து நிமிடத்தில் முடியும். கழுவியதும் துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் அல்லது வெயிலில் காய வையுங்கள். ஈரத்தின்மேல் பூசிய எண்ணெய் ஈரத்தைப் பூட்டி வைக்குமே தவிர விரட்டாது.

இடம் மாறிப் பயிர் செய்யும் குடும்பங்களுக்கு மண்ணைக் கழுவுவதில் வேறொரு காரியமும் உண்டு. நுவரெலியா மாவட்டத்து உருளைக்கிழங்கு நிலங்களில் கிழங்கின் வேரைத் தாக்கும் ஒருவகை நுண்புழு இருக்கிறது. அதன் முட்டைப் பைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கோவாவின் வேர் வீங்கிப்போகும் நோயும் அப்படித்தான் மண்ணில் தங்கும். பழைய காணியின் மண் மண்வெட்டிக் காம்பின் இடுக்கிலும் சப்பாத்தின் அடியிலும் ஒட்டிக்கொண்டு புதிய காணிக்குப் போனால், நோயையும் நாமே சுமந்து போகிறோம். ஆகவே கருவிகளைப் பழைய இடத்திலேயே கழுவிவிட்டுப் புறப்படுங்கள். புதுக் காணிக்குள் நுழைந்தபின் கழுவுவதில் பயன் இல்லை.

வாடல் நோய் கண்ட கிழங்கை வெட்டிய கத்தியும் இப்படித்தான். அதை மண்ணெண்ணெயால் பளபளவென்று துடைத்தாலும் கிருமி சாகாது. அழுக்கு நீக்குவது வேறு, கிருமி நீக்குவது வேறு. கத்தியைக் கழுவி, ஒரு பங்கு வெளிற்றும் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்ததில் சில நிமிடம் முக்கி, உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அந்தத் திரவமே கத்தியை அரித்துவிடும். விதைக்கிழங்கை வெட்டாமல் முழுதாக நடுவது அதைவிட நல்லது.

துருவும் கறையும்

துருவுக்கு மலிவான வழி செங்கல் தூள். பழைய செங்கல்லை இடித்துச் சலித்து, ஈரத்துணியில் தொட்டுத் தேய்க்க வேண்டும். கடினமான துரு என்றால் ஒரு மேசைக்கரண்டி மண்ணெண்ணெய் விட்டுத் தேய்க்கலாம். இங்கே மண்ணெண்ணெய் செய்வது துருவின் இடுக்கில் இறங்கி அதை இளக்குவது மட்டும். துருவை எடுப்பது செங்கல்லும் உங்கள் கையும்.

இடுக்குள்ள கருவிகளுக்கு, உதாரணமாகக் கவ்வாத்துக் கத்தரிக்கு, வினாகிரி நல்லது. இரும்பு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். மரக்காம்பு நனையக்கூடாது. காலையில் தும்பால் தேய்த்தால் துரு கறுப்புச் சேறாக இறங்கும். புளிப்பு உள்ளே தங்கினால் திரும்பவும் அரிக்கும் என்பதால், அடுப்புச் சாம்பல் கரைத்துத் தெளிந்த நீரில் ஒருமுறை அலசி, பிறகு நல்ல தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து எண்ணெய் பூசுங்கள். துரு நீக்கிய இரும்பை ஒரு மணி நேரம் ஈரமாக விட்டாலே மறுபடி சிவக்கத் தொடங்கும். அதே வினாகிரியை ஒரு போத்தலில் வடித்து வைத்தால் இன்னும் இரண்டு மூன்று கத்திகளுக்கு உதவும்.

கொழுந்துக் கத்தியிலும் கவ்வாத்துக் கத்தியிலும் கறுப்புக் கறை ஏறுவது எல்லாருக்கும் தெரியும். அது துரு அல்ல. தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து உண்டாகும் நிறம். அதைப் போக்கப் பாடுபட வேண்டாம். கடையில் விலை கொடுத்து வாங்கும் துருத்தடுப்புத் திரவங்கள் சிலவற்றில் இருப்பதும் டனின் என்ற அந்தத் துவர்ப்புச் சத்துத்தான். கத்தியின் வாயை மட்டும் தீட்டுங்கள், கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். கறுத்த கத்தியைப் பார்த்து நம் தாய்மார் வெட்கப்படுவதைக் கண்டிருக்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எண்ணெய்ப்பசை: மண்ணெண்ணெயின் வேலை

பழைய கிரீஸ், இறுகிய எஞ்சின் எண்ணெய், சைக்கிள் சங்கிலி, புல்வெட்டும் இயந்திரத்தின் பற்சக்கரம் ஆகியவற்றுக்குத்தான் மண்ணெண்ணெய். அதையும் போத்தலிலிருந்து நேரே ஊற்றாதீர்கள். இரண்டு தகர டின்னில் கால் கோப்பை, கால் கோப்பையாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டின்னில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டாவதில் ஒரு தரம் அலசுங்கள். அழுக்கெல்லாம் முதல் டின்னோடு நின்றுவிடும். வேலை முடிந்ததும் முதல் டின்னில் உள்ளதை மூடியுள்ள போத்தலில் ஊற்றி இரண்டு மூன்று நாள் அசையாமல் வைத்தால் சேறு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடித்து அடுத்த முறை முதல் டின்னுக்கு வைத்துக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் நாலைந்து குடும்பங்களுக்குப் பல மாதம் வரும். அடியில் தங்கிய சேற்றை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். மரத்தூளிலோ சாம்பலிலோ ஊறவிட்டு, தண்ணீருக்கும் தோட்டத்துக்கும் தூரமாகப் புதையுங்கள்.

பெற்றோல் இன்னும் வேகமாகக் கரைக்குமே என்று இளைஞர்கள் சொல்வார்கள். கரைக்கும். ஆனால் பெற்றோல் ஆவி மலைக்குளிரிலும் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் சுமார் 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் பற்றக்கூடிய ஆவியைத் தரும். லயத்து அறையில் அடுப்பும் படுக்கையும் பத்தடிக்குள் இருக்கின்றன. ஆகவே பெற்றோல் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெயானாலும் வெளியில் வைத்தே வேலை செய்யுங்கள். பெயின்ற் தின்னரும் தேவையில்லை. அது விலை அதிகம், பிளாஸ்ரிக்கையும் உருக்கும்.

கழுவி முடித்த இரும்புக்குப் பூசும் எண்ணெய் துணியில் தொட்டுத் தடவும் அளவு போதும். ஒழுகும் எண்ணெய் தூசியைத்தான் சேர்க்கும். மரக்கறி வெட்டும் கத்திக்குத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். நாட்பட்டால் அது பிசுபிசுக்கும், சுடுநீரும் சவர்க்காரமும் போட்டால் போய்விடும். கராஜில் இனாமாகக் கிடைக்கும் கழிவு எஞ்சின் எண்ணெயைப் பலர் பூசுகிறார்கள். அதில் புற்றுநோய் தரக்கூடிய பொருட்கள் இருக்கின்றன. நாள் முழுதும் கையில் பிடிக்கும் கருவிக்கும் உணவைத் தொடும் கத்திக்கும் அது ஆகாது.

மருந்து டேங்க்: அதிகக் கவனம் வேண்டிய இடம்

இப்போது மிக முக்கியமான கருவிக்கு வருகிறேன். கந்தப்பளைப் பகுதியில் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு போடும் குடும்பங்களில் பல, ஒரே டேங்கை இரவல் வாங்கி அடிக்கின்றன. ஒரு முறை மாற்றுக் காணியில் லீக்ஸ் போட்ட ஒரு தம்பி, பக்கத்து வீட்டு டேங்கை வாங்கி இலைக்கருகலுக்கு மருந்தடித்தார். ஒரு வாரத்துக்குள் லீக்ஸ் மஞ்சளாகிச் சாய்ந்தது. நோய் முற்றிவிட்டதென்று நினைத்து இன்னொரு முறை அடித்தார். மீதியும் போனது. அந்த டேங்கில் அதற்கு முந்திய நாள் தேயிலைக்கு இடையில் களைக்கொல்லி அடித்திருந்தார்கள். கழுவித்தான் கொடுத்தார்கள், ஒரே ஒரு தண்ணீரில். அந்தப் பயிரை நம்பி வாங்கிய விதைக் கடன் இரண்டு வீட்டுக்கும் இடையில் பேச்சை நிறுத்திவிட்டது.

தண்ணீர் அலசலில் ஒரு கணக்கு உண்டு. கவனமாகப் பாருங்கள். டேங்கைக் கவிழ்த்தபின்னும் அடியிலும் குழாயிலும் 100 மில்லிலீற்றர் மருந்து தங்குவதாக வைத்துக்கொள்வோம். உங்களிடம் 6 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. ஆறையும் ஒரே தடவையில் ஊற்றி அலசிக் கொட்டினால், உள்ளே தங்கும் நீரில் மருந்தின் செறிவு 61இல் ஒரு பங்காகும். அதே 6 லீற்றரை இரண்டு இரண்டு லீற்றராக மூன்று தடவை ஊற்றி, ஒவ்வொரு தடவையும் குலுக்கிக் கொட்டினால், முதல் தடவையில் 21இல் ஒன்று. அதில் மீண்டும் 21இல் ஒன்று. அதிலும் 21இல் ஒன்று. பெருக்கிப் பாருங்கள்: 9,261இல் ஒரு பங்கு. தண்ணீர் கூடவில்லை, செலவு கூடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை என்ற இந்தக் கணக்குத்தான் மண்ணெண்ணெய் டின்னுக்கும் பொருந்தும்.

இரண்டாவது அலசலில் சிறிது சவர்க்காரம் சேர்த்து, கைபிடியை அழுத்தி, குழாய் வழியாகவும் முனை வழியாகவும் நீரை வெளியேற்றுங்கள். வடிகட்டியையும் முனையையும் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். அந்தத் தம்பியின் பயிரைக் கொன்ற மருந்து ஒளிந்திருந்தது குழாயிலும் வடிகட்டியிலுமாக இருக்கலாம். டேங்கின் உட்புறம் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் ஹோர்மோன் வகைக் களைக்கொல்லி அடித்திருந்தால் தண்ணீர் மட்டும் போதாது. 10 லீற்றர் தண்ணீருக்கு 100 கிராம் சலவைச் சோடா கரைத்து, குழாய் வரை நிரப்பி ஓர் இரவு விட்டு, மறுநாள் நல்ல நீரில் இருமுறை அலசுங்கள். கடையில் சலவைச் சோடா என்று சொல்லி வாங்குங்கள். அப்பச் சோடா வேறு. கோஸ்டிக் சோடா முற்றிலும் வேறு, அது தோலைப் பொசுக்கும். சலவைச் சோடாவை அலுமினியப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள், அரித்துவிடும்.

செம்பு மருந்தின் பச்சை நீலப் படிவு வினாகிரி கலந்த தண்ணீரில் இளகும். ஆனால் வினாகிரியையும் வெளிற்றும் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். நச்சு வாயு வரும். மண்ணெண்ணெயை டேங்குக்குள் ஊற்றவும் வேண்டாம். அது பம்பின் றப்பர் வாசரை ஊதப்பண்ணிவிடும். எத்தனையோ டேங்குகள் 'வயசாகி' ஒழுகுகின்றன என்று சொல்கிறோம், அவற்றில் சிலவற்றுக்கு வயதல்ல காரணம். அடைத்த முனையை வாயால் ஊதாதீர்கள். கம்பியால் குத்தினால் துவாரம் பெருத்து, அன்றிலிருந்து மருந்து கூடுதலாகச் செலவாகும். பல்துலக்கி போதும்.

அலசிய தண்ணீரை எங்கே ஊற்றுவது? பீலியில் டேங்கைக் கழுவும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மேட்டில் ஒருவர் கழுவுகிறார், கீழே இன்னொருவர் குடம் வைக்கிறார். அது முடியாது. தண்ணீரைக் காணிக்கு எடுத்துச் சென்று, மூன்று அலசல் நீரையும் மருந்தடித்த அதே நிலத்திலேயே விசிறிவிடுங்கள். முடியுமானால் ஊரில் களைக்கொல்லிக்கென்று ஒரு டேங்கை ஒதுக்கி, பெயின்றால் சிவப்பு வளையம் போட்டு வையுங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு புரியும்.

ஐந்து வீட்டுக்கு ஒரு பெட்டி

சாமுவேல் முதல் ஆகமம் 13ஆம் அதிகாரத்தில், இஸ்ராயேலில் கொல்லர் இல்லாததால் மக்கள் தங்கள் கொழுவையும் மண்வெட்டியையும் தீட்டப் பிலிஸ்தியரிடம் போய்க் கூலி கொடுத்ததாக வருகிறது. கொழுவுக்குச் சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. தன் கருவியைத் தானே பேண முடியாத விவசாயி எதிரிக்கு வரி கட்டுகிறான் என்று வகுப்புகளில் இதை விளக்குவேன். ஒரு முதியவர் கேட்டார்: "அந்தக் கொல்லனுக்கும் பிள்ளைகுட்டி இருந்திருக்கும்ல, சாமி?" அதற்கு நான் இன்னும் விடை தேடுகிறேன்.

ஆனால் பெட்டி ஒன்று செய்தோம். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் அரம், சாணைக்கல், செங்கல் தூள், இரண்டு பல்துலக்கி, தும்பு, சவர்க்காரத் துண்டு, சலவைச் சோடாப் பொட்டலம், சிறு போத்தல் தேங்காயெண்ணெய், துணி. மண்ணெண்ணெயும் வினாகிரியும் தனித்தனிப் போத்தலில், பெயர் எழுதி, பூட்டிய இடத்தில். சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ மண்ணெண்ணெய் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை அதைத் தண்ணீரென்று குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். வாந்தியில் அது நுரையீரலுக்குள் போகும், ஆபத்து அதில்தான் அதிகம். போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பெட்டி யார் வீட்டில் இருப்பது என்பதில் சிறு தகராறு வந்தது. கடைசியில் வரிசையின் நடு வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியிடம் கொடுத்தார்கள். பாட்டியிடம் கருவியே இல்லை. ஆனால் சனிக்கிழமை மாலை யார் கத்தியைக் கழுவாமல் கொண்டுவந்து அரம் கேட்டாலும், முதலில் தும்பைத்தான் நீட்டுகிறார்.